தேரிக்காட்டு அப்பாவும் நமீப் மணலும்

அப்பாவுக்கு பாஸ்போர்ட் எடுத்ததே 67 வயசுலதான். தூத்துக்குடில உப்பு லோடு அடிச்சு, அப்புறம் நேஷனல் பெர்மிட் லாரி ஓட்டி, முப்பது வருஷத்துக்கு மேல ஸ்டியரிங் பிடிச்ச மனுஷன், ரிட்டயர் ஆகி திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரி, அதாவது செம்மணல் காட்டு ஓரத்துல நாலு பனையும் கொஞ்சம் முருங்கையும் வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. நான் வேலை பாக்குறது ஜோகன்னஸ்பர்க்ல. மூணு மாசம் எங்ககூட இருங்கப்பான்னு கெஞ்சி கூட்டிட்டு வந்தேன். வந்து ரெண்டே வாரத்துல, "ஏல, இந்த அபார்ட்மென்ட்ல பால்கனில நின்னு அடுத்தவன் பால்கனியையே எவ்வளவு நேரம் பாக்க"ன்னு ஆரம்பிச்சுட்டாரு. அப்படி முடிவானதுதான் நமீபியா ட்ரிப். நான், வொய்ஃப், ஒன்பது வயசுப் பையன், அப்பா. ஜோபர்க்ல இருந்து அதோட தலைநகர் விண்டுஹூக் ரெண்டு மணி நேர ஃப்ளைட்தான். (இந்தியாவுல இருந்து வர்றவங்க இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் கண்டிப்பா எடுத்துக்கோங்க, விசா ரூல்ஸ் அப்பப்ப மாறுது, அவங்க அரசாங்க சைட்ல ஒரு தடவை பாத்துடுங்க.)

நான் போட்ட பிளான் பதினோரு நாள், மூவாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். முதல்ல சோசஸ்வ்லெய்ங்கிற மணல் மலைப் பக்கம், அப்புறம் தெற்க ஃபிஷ் ரிவர் கேன்யன், லூடெரிட்ஸ், கோல்மன்ஸ்கோப், அப்புறம் கடலோர ஸ்வாகொப்மண்ட், டமாராலாண்ட், எட்டோஷா நேஷனல் பார்க்குன்னு எக்செல்ல கலர் கலரா அடிச்சு வச்சிருந்தேன். அப்பா கண்ணாடியப் போட்டு முழுசாப் படிச்சுட்டு ஒண்ணுதான் கேட்டாரு: "எல்லாம் சரில, லோடு எங்க ஏத்துத, எங்க இறக்குத?"

அப்ப எனக்கு கோவம்தான் வந்துச்சு. மூணாவது நாள் ராத்திரி நானே உக்காந்து பாதிய வெட்டித் தள்ளுனேன். இத எழுதுறதுக்கு முக்கிய காரணமே அதான், நமீப் பாலைவனம் போறீங்கன்னா கிலோமீட்டரக் குறைங்க, மேப்ல பாத்தா நாலு இன்ச்தான் இருக்கும், ரோட்ல எறங்குனா ஒரு நாள் முழுசா தின்னுடும்.

ரோட்டப் பத்தி முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா நமீபியாவுல டூரிஸ்ட்டுக்கு ஆபத்து சிங்கத்தால இல்ல, ரோட்டாலதான். நம்ம ஊர் மாதிரியே இடது பக்கம்தான் ஓட்டணும், அது வரைக்கும் நிம்மதி. விண்டுஹூக்ல இருந்து ரெஹோபோத் வரைக்கும் தார் ரோடு வழவழன்னு இருக்கும், அங்க மேற்க திரும்புனா கிராவல், அதாவது கப்பி ரோடு. மொத்த நாட்டுலயும் முக்கால்வாசி இந்த மாதிரி ரோடுதான். பாக்க அகலமா நேரா இருக்கும், எதிர்ல அரை மணி நேரத்துக்கு ஒரு வண்டி வரும், அதனால கால் தன்னால ஆக்சிலரேட்டர அமுக்கிடும். வாடகைக் கம்பெனி சொன்ன லிமிட் 80. நான் 95ல போயிட்டிருந்தேன். ரோட்டு மேல குறுக்குவாக்குல அலை அலையா வரி விழுந்திருக்கும், மெதுவா போனா பல்லு ஆடும், வேகமா போனா வண்டி அது மேல வழுக்கிட்டு போற மாதிரி சொகுசா இருக்கும், அந்த சொகுசுலதான் ஆளு காலி. அப்பா பின் சீட்ல இருந்து, "ஏல, டயர் மிதக்குல, கால எடு"ன்னாரு. "லிமிட் 80ப்பா, கொஞ்சம்தான் கூட"ன்னு சொல்லி முடிக்கல, ஒரு சின்ன வளைவுல பின்பக்கம் தனியா ஒரு பக்கம் போக ஆரம்பிச்சுது. பிரேக் மேல கால் போயிருச்சு. "பிரேக்க விடு! ஸ்டியரிங்க மட்டும் பிடி!"ன்னு ஒரு அதட்டல், நாற்பது வயசுலயும் அந்தக் குரலுக்கு என் கால் தானா கேட்டுச்சு. வண்டி ரெண்டு ஆட்டு ஆடிட்டு ரோட்டோரக் கப்பி மேல ஏறி நின்னுது. பின்னாடி வந்த தூசி எங்களத் தாண்டி முன்னாடி போச்சு. ஒரு நிமிஷம் யாரும் பேசல.

அதுக்கப்புறம் அவர் சொன்ன வேகம்தான். "லாரில முட்டை ஏத்திட்டுப் போற மாதிரி போ." 60, அதிகபட்சம் 70. காத்தையும் குறைக்கச் சொன்னாரு, அதான் அந்த ஊர்லயும் சொல்றாங்க, தார் ரோட்டு பிரஷர்ல கிராவல்ல போனா டயர் கல்லு மாதிரி இருக்கும், பிடிப்பும் கிடையாது, கூர்க்கல்லு குத்துனா கிழிஞ்சுரும். கிராவலுக்கு 28 பிஎஸ்ஐ மாதிரி, மணலுக்கு 18, 20. திரும்ப தார் ஏறும்போது ஏத்திரணும், அதுக்கு கம்ப்ரஸர் வண்டியோட தர்றாங்களான்னு கேட்டு வாங்குங்க. ஸ்டெப்னி ரெண்டு இருக்கணும், ஒண்ணு பத்தாது. எங்களுக்கு அன்னைக்கே ஒண்ணு போச்சு, சாலிட்டேருக்கு முப்பது கிலோமீட்டர் முன்னாடி. ஜாக்கிய மண்ணு மேல வச்சா உள்ள இறங்கும்னு அப்பா ஒரு தட்டைக் கல்லத் தேடி வச்சு, பையன ஸ்பேனர் பிடிக்கச் சொல்லி, இருவது நிமிஷத்துல வேலைய முடிச்சாரு. அவர் முகத்துல அன்னைக்குதான் சிரிப்பப் பாத்தேன்.

வாடகை வண்டில இன்சூரன்ஸ ஒரு வரி விடாம படிங்க. நாங்க எடுத்த கம்பெனி பேர் வேண்டாம். "ஃபுல் கவர்"னு சொல்லித்தான் காசு வாங்குனாங்க, அடில பொடி எழுத்துல டயர், கண்ணாடி, வண்டியோட அடிப்பாகம், மணலால வர்ற டேமேஜ், வேற வண்டி மோதாம தானா கவுந்தா வர்ற செலவு, இது எதுவும் கிடையாதுன்னு இருந்துச்சு. அங்க நடக்குற ஆக்ஸிடென்ட்ல பெரும்பாலும் அந்தக் கடைசி வகைதான்! எதிர்ல வந்த லாரி தெறிச்ச கல்லு முன் கண்ணாடில ஒரு ரூபாய் அளவுக்கு நட்சத்திரம் போட்டுச்சு, அதுக்கு டெபாசிட்ல பிடிச்சுட்டாங்க. எதிர்ல வண்டி வந்தா நல்லா ஒதுங்கி வேகத்தக் குறைச்சிருங்க. அப்புறம், பொழுது சாஞ்சா ஓட்டவே கூடாது, குடுங்கிற பேர்ல மாடு உயரத்துக்கு ஒரு மான் இருக்கு, லைட்டப் பாத்து ஓடாது, லைட்டுக்குள்ளயே பாயும்.

சாலிட்டேர்ங்கிறது ஊர்னு சொல்ல முடியாது, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு கடை, ஒரு பேக்கரி, மணல்ல பாதி புதைஞ்ச பழைய துருப்பிடிச்ச கார்கள். அந்த ஆப்பிள் பை ஃபேமஸ். நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ரெண்டு மணி நேரம் சுத்திப் போயி சாப்பிடுற அளவுக்கு இல்ல. முக்கியம் பெட்ரோல் பங்க்தான், டேங்க் பாதி இருந்தாலும் நிரப்பிருங்க. தண்ணி ஆளுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு லிட்டர் கணக்கு.

சாப்பாட்டுக்கு விண்டுஹூக் சூப்பர்மார்க்கெட்லயே அரிசி, பருப்பு, முட்டை, காய்கறி எல்லாம் வாங்கிட்டோம், ரோட்ல வெஜிடேரியன்னு கேட்டா சிப்ஸும் சீஸ் சாண்ட்விச்சும்தான். வீட்ல இருந்து பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அப்பா ஊர்ல இருந்து கொண்டு வந்த உடன்குடி கருப்பட்டி. காலைல அஞ்சு மணிக்கு நாலு டிகிரி குளிருல கேஸ் அடுப்புல போட்ட கருப்பட்டிக் காபி இருக்கே, அத எழுத எனக்குத் தெரியல. ஆமா, குளிரு. ஆகஸ்ட் அங்க குளிர்காலம், பகல்ல டிஷர்ட், ராத்திரி ஸ்வெட்டர் மேல ஜாக்கெட். பாலைவனம்தானேன்னு நாங்க ஆளுக்கு ஒரு மெல்லிசு போர்வையோட போயி முதல் ராத்திரி நடுங்குனோம்.

வண்டி கூரை மேல விரிக்கிற டென்ட் ரெண்டு புக் பண்ணியிருந்தேன். போட்டோல அழகா இருக்கும். அதுக்கு ஏணி வச்சு ஏறணும், 67 வயசு ஆளு ராத்திரி மூணு தடவை இறங்கி ஏறணும்ங்கிறது எக்செல்ல வரல. முதல் ராத்திரி ஒரு தடவை ஏறிப் பாத்துட்டு, "லாரி டிரைவருக்கு சீட்டுதாம்ல மெத்தை"ன்னு முன் சீட்ட சாச்சுப் படுத்துட்டாரு. அவருக்கு ஒண்ணும் இல்ல, எனக்குத்தான் தூக்கம் வரல. வயசானவங்கள கூட்டிட்டுப் போறவங்க தரைல போடுற டென்ட்டோ ரூமோ முதல்லயே கேட்டு வச்சுக்கோங்க.

தங்குனது செஸ்ரியம் கேம்ப்ல. இந்த இடத்துல மட்டும் காசு பாக்காதீங்க. சோசஸ்வ்லெய் போக ரெண்டு கேட்டு, வெளி கேட்டு சூரியன் உதிக்கும்போதுதான் திறப்பாங்க, கேம்ப் வெளி கேட்டுக்கு உள்ள இருக்கு, உள்ள தங்குனவங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே உள் கேட்டத் திறந்து விடுவாங்க. அந்த ஒரு மணி நேரம்தான் எல்லாமே. அங்க இருந்து 60 கிலோமீட்டர் நல்ல தார் ரோடு, ரெண்டு பக்கமும் மணல் மலை, ஒரு பக்கம் இருட்டு, ஒரு பக்கம் மெதுவா செம்பு நிறம் ஏறும்.

நாப்பத்தஞ்சாவது கிலோமீட்டர்ல டூன் 45, பேரே அதான். எல்லாரும் அதுல ஏறிட்டிருந்தாங்க. நாங்க நிறுத்தல, ஆனா அப்பா வண்டிய கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லி இறங்கி ஒரு கைப்பிடி மணல அள்ளுனாரு. உள்ளங்கைல வச்சுத் தேச்சாரு. "தேரி மண்ணுதாம்ல இது." நான் சிரிச்சேன். அப்புறம் யோசிச்சா சரிதான். தேரி சிவப்பா இருக்கிறதும் இது சிவப்பா இருக்கிறதும் ஒரே காரணம், மணல் துகள் மேல இரும்பு ஆக்சைடு பூசுன மாதிரி படிஞ்சிருக்கு, எளிமையா சொன்னா துரு. கடலோரமா இருக்கிற மணல் வெளுப்பா இருக்கும், உள்ள வர வர பழசு, பழசாக ஆகச் சிவப்பு. இந்த மணல் இங்கத்ததே இல்லங்கிறதுதான் அதிசயம். ஆரஞ்சு ஆறு லெசோத்தோ, தென்னாப்பிரிக்கா மலைல இருந்து அரிச்சுக் கொண்டுவந்து அட்லாண்டிக்ல கொட்டுது, கடல் நீரோட்டம் அத வடக்க தள்ளுது, அலை கரைல ஒதுக்குது, காத்து உள்ள தூக்கிட்டு வருது. லட்சக்கணக்கான வருஷமா ஒரே டிரிப் ஷீட். அப்பா கிட்ட சொன்னேன், "அப்ப இது லாங் ரூட் லோடு"ன்னாரு. அந்த மணல்கடல் 2013ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடம் ஆச்சு.

தார் ரோடு முடிஞ்சதும் கடைசி 5 கிலோமீட்டர் வெறும் மணல், ஃபோர் வீல் டிரைவ் மட்டும்தான். ஷட்டில் வண்டி ஓடுது, காசு கொடுத்தா கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வருவாங்க, அதுல போயிருங்க. நான் போகல, நான்தான் பெரிய ஆளாச்சே. இரண்டாவது கிலோமீட்டர்ல வண்டி வயிறு வரைக்கும் உக்காந்துருச்சு. இன்னும் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தேன், இன்னும் கொஞ்சம் இறங்குச்சு. "ஆஃப் பண்ணு, எறங்கு. மிதிக்க மிதிக்க குழி தோண்டுற." தேரிக்குள்ள லாரி மாட்டுனா பனைமட்டைய டயருக்கு அடில சொருகி எடுப்பாங்களாம், இங்க பனைக்கு எங்க போறது, ஃப்ளோர் மேட் நாலையும் எடுத்தாரு. டயர்ல காத்த இன்னும் இறக்கி, டயருக்கு முன்னாடி மணல கையால வாரி, மேட்டப் போட்டு, லோ கியர்ல, ஸ்டியரிங்க நேரா வச்சு, மெதுவா. ரெண்டாவது தடவைல வந்துருச்சு. வெளிய வந்ததும் நிறுத்தாம இறுகுன தரை வர்ற வரைக்கும் போயிரணும், மேட்டெடுக்க நிறுத்துனா திரும்ப மாட்டும், மேட்ட நடந்து வந்து எடுத்துக்கோங்க. நாங்க தள்ளிக்கிட்டிருந்த நேரத்துல சூரியன் நல்லா மேல வந்துருச்சு. ஷட்டில்ல போனவங்க எல்லாம் டெட்வ்லெய் பாத்துட்டுத் திரும்பி வந்துட்டிருந்தாங்க.

டெட்வ்லெய்க்கு வண்டி நிறுத்துற இடத்துல இருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல மணல்ல நடக்கணும். அப்பா நிதானமா வந்தாரு. வெள்ளைக் களிமண் தரை, சுத்தி சிவப்பு மலை, நடுவுல கருப்பா நிக்கிற செத்த மரங்க. ட்சாவ்சாப் ஆறு ஒரு காலத்துல வெள்ளம் வந்து தேங்குன இடம், அப்ப முளைச்ச மரம், அப்புறம் மணல் மலை நகர்ந்து ஆத்த மறிச்சுருச்சு, தண்ணி நின்னுச்சு, மரம் செத்துச்சு. செத்து 600, 700 வருஷம் ஆகுதுன்னு சொல்றாங்க, மதுரைல பாண்டியர் காலம் முடிஞ்சு போன சமயம்னு வச்சுக்கோங்க. மக்கிப் போறதுக்குக்கூட ஈரம் வேணும்ல, அது இல்லாததால அப்படியே நிக்குது. ரொம்ப நேரம் ஒரு மரத்தையே பாத்துட்டு, "உடைமரம்"னாரு அப்பா. கேமல்தார்ன்னு போர்டுல போட்டிருந்துச்சு. அவர் சொன்னதும் தப்பில்ல, ரெண்டும் வேல மரத்துச் சொந்தக்காரங்கதான். தொடாதீங்க, மேல சாயாதீங்க, அன்னைக்கு ஒருத்தர் போட்டோவுக்காக கிளைல கால வச்சாரு, அங்க இருந்த கைடு போட்ட சத்தம் மணல் மலை பூரா கேட்டுச்சு. நல்லா வேணும்.

நானும் பையனும் மறுநாள் பிக் டாடில ஏறுனோம், 325 மீட்டர். நேரா ஏறாதீங்க, முகட்டு மேலயே போங்க, முன்ன போனவன் கால் தடத்துல கால வைங்க, இல்லன்னா ரெண்டடி ஏறி ஒன்றரையடி சறுக்குவீங்க. ரெண்டு மணி நேரம் ஏறுனத பத்து நிமிஷத்துல டெட்வ்லெய்க்குள்ள ஓடி இறங்கலாம், பையன் இன்னும் அதத்தான் ஸ்கூல்ல சொல்லிட்டிருக்கான்.

நாங்க ஏறிட்டிருந்த நேரம் அப்பா கீழ ஒரு மரநிழல்ல உக்காந்திருந்தாரு. இறங்கி வந்தா பக்கத்துல முப்பதடி தூரத்துல ஒரு ஓரிக்ஸ் நிக்குது. சாம்பல் நிறம், முகத்துல கருப்பு வெள்ளைப் பட்டை, மூணடி நீளத்துக்கு ஈட்டி மாதிரி ரெண்டு கொம்பு. ரெண்டும் ஒண்ணையொண்ணு கண்டுக்காம ஒரே மரத்து நிழல்ல. "ஒரு மணி நேரமா நிக்கான். மூச்ச மட்டும் பாரு"ன்னாரு. பாத்தேன். மூக்கு விரிஞ்சு சுருங்குது, அவ்வளவுதான் அசைவு. வேர்த்தா தண்ணி போயிரும்னு அது வேர்க்காம உடம்புச் சூட்ட ஏற விட்டுடும், நமக்கு வந்தா ஐசியுதான். ஆனா மூளைக்குப் போற ரத்தம் மட்டும், மூக்குல ஆறுன ரத்தம் ஓடுற இடத்துல வலை மாதிரி இருக்கிற சின்ன ரத்தக்குழாய்க வழியா ஆறிட்டுப் போகும்னு சொல்றாங்க. ரேடியேட்டர்னு சொன்னேன், அப்பாவுக்கு உடனே புரிஞ்சுது. மரியாதையா எழுந்து நின்னு பாத்தாரு.

அன்னைக்கு ராத்திரி கேம்ப்ல ஒரு நரி, முதுகு கருப்பா இருக்கிற அந்த ஊரு நரி, வண்டிக்கு வெளிய கிடந்த அப்பாவோட இடது கால் செருப்பத் தூக்கிட்டுப் போயிருச்சு. உணவு மட்டும் இல்ல, செருப்பு, ஷூ எல்லாத்தையும் வண்டிக்குள்ள வைக்கச் சொல்லி போர்டே இருந்துச்சு. படிச்சோம். வைக்கல. அடுத்த ரெண்டு நாள் அவரு என் ஷூவப் போட்டு நடந்தாரு, நான் பாத்ரூம் ஸ்லிப்பர்.

அன்னைக்குதான் பிளான வெட்டுனேன். தெற்கு போச்சு, எட்டோஷா போச்சு. ஸ்வாகொப்மண்டல ரெண்டு நாள் இருந்தது நாலாச்சு.

செஸ்ரியம்ல இருந்து கடற்கரைக்கு சி14 ரோடு, குய்செப் பள்ளத்தாக்கு வழியா. கடல் இன்னும் நாப்பது கிலோமீட்டர் இருக்கும்போதே ஏசி தேவைப்படல, வெயில் காணாமப் போயி சாம்பல் நிறமா ஒரு சுவரு வந்துச்சு, பனிமூட்டம். பெங்குவேலான்னு ஒரு குளிர் நீரோட்டம் அந்தக் கரைய ஒட்டி ஓடுது, அதுதான் இந்தப் பாலைவனத்த உண்டாக்குனதும், காப்பாத்துறதும். குளிர்ந்த கடலுக்கு மேல இருக்கிற காத்து மேகமா மேல எழும்பி மழையாக முடியாது, பனியா தரையோட ஊர்ந்து உள்ள வரும். வருஷத்துல நூறு நாளுக்கு மேல கரைல பனி, மழை ரெண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. அந்தப் பனியக் குடிச்சுத்தான் அங்க பல உயிர்கள் வாழுது. ஒரு வண்டு, பனி வர்ற காலைல மணல் மேட்டு உச்சிக்கு ஏறி, தலை கீழ பின்பக்கம் மேலன்னு நிக்கும், முதுகுல சேருற தண்ணி சொட்டு உருண்டு வாய்க்கு வரும். நாங்க போன காலைல பனி கலைஞ்சிருந்துச்சு, தலைகீழா நின்னத பாக்கல, சும்மா ஓடுனதத்தான் பாத்தோம்.

வால்விஸ் பே வந்ததும் அப்பா நிமிர்ந்து உக்காந்துட்டாரு. உப்பளம்! பாத்தி பாத்தியா, ரோஸ் கலர் தண்ணி, அங்கங்க வெள்ளைக் குவியல், டிப்பர் லாரி வரிசை. பக்கத்து உப்பங்கழில ஆயிரக்கணக்குல பூநாரை. நாங்க பூநாரைய போட்டோ எடுத்தோம், அவர் லாரிய எடுத்தாரு. "தார்ப்பாய் கட்டாம போறான் பாரு"ன்னு அந்த ஊர் டிரைவர் மேல ஒரு குறை வேற.

ஸ்வாகொப்மண்ட் ஜெர்மன்காரன் 1892ல ஆரம்பிச்ச ஊரு, கட்டடம் எல்லாம் கேக் மாதிரி அழகா இருக்கும். அந்த அழகப் பாத்துட்டு ஊர் ஓரத்துக் கல்லறைக்கும் போங்க, பேரே இல்லாம மண் மேடு மேடா ஒரு வெளி இருக்கு. 1904ல இருந்து 1908 வரைக்கும் ஹெரெரோ, நாமா ஜனங்கள அவங்க கொன்னு குவிச்சது இனப்படுகொலைதான்னு ஜெர்மனி ஒத்துக்கவே 2021 ஆச்சு. பையன் கேட்டான், எழுதாத கல்லறை ஏன்னு. சொன்னேன்.

மறுநாள் காலைல மணல்மேட்டுச் சின்ன உயிரினங்களக் காட்டுற டூர் போனோம், லிவிங் டெசர்ட்னு அங்க சொல்றாங்க. பதினோரு நாள்ல காசு கொடுத்து செஞ்சதுல உருப்படியானது இதான். கைடு வண்டிய நிறுத்தி மணலக் காட்டி, ராத்திரி நடந்தது எல்லாம் இங்க எழுதியிருக்கு, எங்க நியூஸ்பேப்பர் இதான்னாரு. நான் அப்பாவுக்கு சொன்னேன். "தினத்தந்தின்னு சொல்லு"ன்னாரு. கோடு கோடா ஒரு தடம், அது முடியிற இடத்துல கைய விட்டுத் தோண்டி ஒரு பல்லிய எடுத்தாரு. விரல் நீளம், உடம்பு ரோஸ் கலர்ல உள்ள இருக்கிறது தெரியிற மாதிரி கண்ணாடித் தோல், வாத்து மாதிரி விரலுக்கு நடுவுல சவ்வு, மணல் மேல புதையாம நடக்கவும் தோண்டவும். பெரிய கண்ணு, இமையே கிடையாது. தூசி பட்டா என்ன பண்ணும்னு பையன் கேட்டு முடிக்கல, நாக்க நீட்டி தன் கண்ண தானே நக்கித் துடைச்சுது. வைப்பர்! ரெண்டு நிமிஷத்துக்கு மேல வெளிய வைக்கல, அந்தத் தோலு வெயில் தாங்காது, நிழலா உடம்ப வச்சு மறைச்சுக்கிட்டு திரும்ப குழில விட்டு மூடிட்டாரு.

அப்புறம் ஒரு பச்சோந்தி, காலைக் குளிருக்கு கரிக்கட்டை மாதிரி கருப்பா இருந்துச்சு, சூடு ஏற ஏற எங்க கண்ணு முன்னாடியே வெளுத்துச்சு. அப்புறம் கைடு திடீர்னு கைய உயர்த்தி எல்லாரையும் நிக்கச் சொல்லி ஒரு செடியடிய காட்டுனாரு. ஒண்ணுமே தெரியல. மணல்தான். அப்பா மட்டும் ரெண்டடி பின்னாடி போயிட்டாரு. "ரெண்டு கண்ணு பாரு." மணல்ல ரெண்டு மிளகு மாதிரி. தலைக்கு மேலயே கண்ணு, உடம்பு முழுக்க உள்ள, வால் நுனி மட்டும் லேசா ஆடுது, புழுன்னு நெனச்சு பல்லி வரும். ஒரு சாண்தான் இருக்கும் விரியன். கைடு குச்சியால மெல்ல மணலத் தட்டவும் வெளிய வந்து பக்கவாட்டுல போச்சு, ஏணிப்படி மாதிரி சாய்வாக் கோடு கோடா தடம். "நம்மூரு சுருட்டை இப்படித்தாம்ல போவும்"னாரு அப்பா. சுருட்டை விரியனும் பக்கவாட்டுல போறதுதான், தேரில அவர் சின்ன வயசுல பாத்தது. கைடு கிட்ட மொழிபெயர்த்தேன். அதுக்கப்புறம் அந்த ஆளு எங்கள விட்டுட்டு அப்பாகிட்டதான் தடம் காட்டிட்டு வந்தாரு, அவர் ஆஃப்ரிகான்ஸ் கலந்த இங்கிலீஷ்ல, இவர் தமிழ்ல. மூணு மணி நேரம் நான் தேவைப்படல.

ஒரு விஷயம், கப்பித் தரைல, கல்பாசி படர்ந்த வெளில வண்டிய ரோட்ட விட்டு இறக்கவே இறக்காதீங்க. மழை இல்லாத ஊர்ல டயர் தடம் பல பத்து வருஷம் அழியாது, நாங்களே அப்படி பழைய தடங்கள பாத்தோம். வெல்விட்சியா பாக்கப் போற வழில இது கண்ணுக்கு நேராத் தெரியும். வெல்விட்சியான்னா ரெண்டே ரெண்டு இலை உள்ள செடி, ஆயிரம் வருஷத்துக்கு மேல வாழும், அந்த ரெண்டு இலையே வளர்ந்து வளர்ந்து காத்துல நார் நாராக் கிழிஞ்சு கிடக்கும். பாக்க, யாரோ பிடுங்கிப் போட்ட கத்தாழை குப்பை மாதிரிதான் இருக்கும், போட்டோவுக்கு லாயக்கில்ல. ஸ்வாகொப்மண்ட்லயே பெர்மிட் வாங்கிட்டுப் போகணும்.

வடக்க கேப் கிராஸ் ஒரு நாள். போற வழில கரைக்குக் கிட்டயே தரைதட்டி நிக்கிற கப்பல், ஸெய்லா, மீன்பிடிக் கப்பல். பழைய இரும்பா இந்தியக் கம்பெனிக்கு வித்து, பாம்பேக்கு இழுத்துட்டுப் போகும்போது 2008ல கயிறு அறுந்து இங்க ஒதுங்கிருச்சு. பாடில பூரா நீர்க்காகம். ஹென்டிஸ் பே தாண்டுனா உப்புத் தண்ணி ஊத்தி இறுக்குன ரோடு, காஞ்சிருந்தா தார் மாதிரி, பனி பெஞ்சா எண்ணெய் தடவுன மாதிரி. கேப் கிராஸ்ல 1486ல போர்ச்சுகல்காரர் தியோகோ காவ் சிலுவை நட்ட இடத்துல இப்ப கடல்நாய்க் கூட்டம், கண்ணுக்கு எட்டுன வரைக்கும். வண்டிக் கதவத் திறந்ததும் வொய்ஃப் மூடிட்டா. தூத்துக்குடி மீன் ஹார்பர் நாத்தமெல்லாம் இதுக்கு முன்னாடி மல்லிப்பூ. போட்ட துணிய தனி கவர்ல கட்டி வைங்க.

கடைசி மூணு நாள் டமாராலாண்ட். பாலைவன யானை. தனி இனம் எல்லாம் இல்ல, சாதாரண ஆப்பிரிக்க யானைதான், வறண்ட ஆத்தோட ரொம்ப தூரம் நடந்து தண்ணி இல்லாம சில நாள் தாக்குப் பிடிக்கப் பழகுனது. அந்த ஊர் ஆளு ஒருத்தர வண்டியோட வச்சுக்கிட்டுப் போனோம், நாமளா தனியா ஆத்துக்குள்ள வண்டிய விடக் கூடாது. முதல் நாள் லத்தியும் தடமும்தான். ரெண்டாவது நாள் அஞ்சு யானை, ஒரு குட்டியோட, மரத்தடில. இன்ஜின ஆஃப் பண்ணிட்டு ஒன்றரை மணி நேரம் இருந்தோம். எட்டோஷா போயிருந்தா நூறு பாத்திருக்கலாம்னு எனக்கு மனசுல ஒரு ஓரத்துல இருந்துச்சு, பொய் சொல்லல. அப்பாவுக்கு சிவிங்கிப்புலி பாக்காததுதான் குறை, 2022ல நம்ம மத்தியப் பிரதேசம் குனோ பார்க்குக்கு 8 சிவிங்கிப்புலி இந்த ஊர்ல இருந்துதான் போச்சுன்னு நான் சொல்லித் தொலைச்சுட்டேன்.

மொத்தம் ஓட்டுனது ரெண்டாயிரத்துக்குக் கிட்ட. வண்டி எடுக்கும்போதே சுத்தி, அடில, ஒவ்வொரு டயரும், வீடியோ எடுத்து வச்சிருந்தாரு அப்பா, "டெலிவரி எடுக்கும்போதே சரக்கப் பாக்கணும்"னு. திருப்பிக் கொடுக்கும்போது கதவுல ஒரு கீறலுக்கு காசு கேட்டாங்க, வீடியோவக் காட்டவும் விட்டுட்டாங்க. கண்ணாடி காசு மட்டும் போனது போனதுதான்.

அப்பா ஊருக்குப் போயி ஒரு மாசம் கழிச்சு ஒரு நாள் காலைல, எனக்கு இன்னும் விடியல, போன். தேரிக்குள்ள நிக்காராம், மூச்சு வாங்குது. "ஏல, இங்க ஏணிப்படி தடம் கிடக்குல. புதுசு. ராத்திரிதான் போயிருக்கான். போட்டோ எடுத்து அந்த கைடுக்கு அனுப்பணும், நம்பர் இருக்கால?"

"செருப்பு போட்டிருக்கீங்களாப்பா?"

"ரெண்டு காலுக்கும் போட்டிருக்கேம்ல. நம்பரச் சொல்லு."